மூன்று வால்வா, எலக்ட்ரானிக் முறையா: வீடாக மாற்றிய பஸ்ஸின் ஏர் சஸ்பென்ஷன்

எங்கள் பஸ்ஸின் லெவலிங் வால்வுகள், அதாவது காற்றை ஏற்றியும் இறக்கியும் உடற்கூட்டின் உயரத்தைச் சரியாக வைக்கும் வால்வுகள், மூன்றும் தேய்ந்துபோய், இனி மாற்றாமல் முடியாது என்ற நிலை வந்தபோது முன்னால் இரண்டு வழி இருந்தது. ஆக்சிலோடு கம்பியால் பிணைத்த அதே மாதிரி வால்வுகளைப் புதிதாகப் போடுவது ஒன்று. அவற்றைக் கழற்றிவிட்டு, சென்சார் உயரத்தை அளக்க, கட்டுப்பாட்டுப் பெட்டி சோலனாய்டு வால்வுகளை (மின்சாரத்தால் இயங்குபவை) திறந்து மூடும் எலக்ட்ரானிக் முறைக்குப் போவது இன்னொன்று. நாங்கள் முதலாவதைத்தான் போட்டோம். இன்று மறுபடி கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஏர் சஸ்பென்ஷனையே எடுத்துவிட்டு பட்டை ஸ்பிரிங் போடலாமே என்றும் சிலர் கேட்பார்கள். இந்த வகை பஸ்கள் பலவற்றில் அடியில் தனியாக இரும்புச் சட்டம் (சேஸி) கிடையாது. உடற்கூடே பாரத்தைத் தாங்குகிறது, அதுவும் ஏர் பெல்லோ, அதாவது ஸ்பிரிங்காக வேலை செய்யும் ரப்பர் காற்றுப்பை, உட்காரும் இடங்களை வைத்துக் கணக்குப் போட்டுக் கட்டியது. அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடலாம்.

சொகுசைப் பொறுத்தவரை வால்வு முறை, எலக்ட்ரானிக் முறை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தாங்குவது அதே பெல்லோ, அதே காற்று. எலக்ட்ரானிக் முறைக்கு உண்மையான சாதகம் வண்டி நின்ற பிறகுதான் தெரியும். மேடு பள்ளமான இடத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் ஒரு மூலை ஏறும், இன்னொன்று இறங்கும். வீடாகப் பயன்படுத்தும் வண்டிக்கு இது சின்ன வசதி இல்லை. படுக்கை சாயாது, தொட்டித் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்காது. நாங்கள் இன்னமும் சக்கரத்தின் கீழே மரப்பலகை வைத்துத்தான் சமன் செய்கிறோம்.

ஆனால் எனக்கு முடிவு செய்து கொடுத்த விஷயம் வேறு. பழுது வந்தால் அது எங்கே என்று நானே கண்டுபிடிக்க முடியுமா? பயணிகள் பஸ் தினமும் ஓடும், இரவில் பணிமனைக்குத் திரும்பும். வீடான பஸ் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். நிற்கும் வண்டியில்தான் சின்னக் கசிவும் பெரிதாகத் தெரியும். மாற்றிக் கட்டும்போது ஜெனரேட்டர், பேட்டரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒரே பக்கமாக வந்துவிட்டால், அந்தப் பக்கத்து பெல்லோவில் அழுத்தம் எப்போதும் கூடுதலாக இருக்கும். கசிவு அங்கே இருந்தால் வேகமும் கூடும்.

ஏன் மூன்று வால்வு, நான்கு இல்லை? மூன்று புள்ளி இருந்தால் ஒரு தளம் தீர்மானமாகிவிடும். நான்காவது ஒன்று போட்டால் வால்வுகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். பல பஸ்களில் பின்னால் இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று, முன்னால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒன்று. முன் பெல்லோக்கள் ஒரே குழாயில் இணைந்திருப்பதால் காற்று இடமும் வலமும் போய்வரும், பக்கவாட்டுச் சாய்வை அவற்றால் தடுக்க முடியாது. ஆக, பின் இடது மூலையில் காற்று போனால் வண்டியின் முன்பக்கமும் இடது பக்கம் சாயும். அதைப் பார்த்து முன் பெல்லோவைக் கழற்றியவர்கள் உண்டு. நானும் ஒருமுறை நல்ல பெல்லோ ஒன்றை அப்படிக் கழற்றிவிட்டு, பழுது பின்னால் இருப்பதை மூன்று நாள் கழித்துக் கண்டுகொண்டேன்.

இன்னொரு சங்கதியும் ஆளைக் குழப்பும். பெல்லோவில் கசிந்து வண்டி கொஞ்சம் இறங்கியதும், வால்வின் கை (ஆக்சிலோடு கம்பியால் இணைந்த நெம்புகோல்) மேலே போய் காற்று டேங்கிலிருந்து காற்றை எடுத்துக் கொடுக்கும். அதனால் முதலில் இறங்குவது டேங்க் முள்தான். டேங்க் காலியான பிறகுதான் சாய்வு தெரியும். மாலையில் நேராக நின்றது, காலையில் சாய்ந்திருக்கிறது என்றால் கசிவு நள்ளிரவில் தொடங்கியதாக அர்த்தம் இல்லை.

இதைப் பிரித்தறிய எனக்கு வேண்டியது ஒரு ஸ்பேனர், ஒரு வாளி சோப்புத் தண்ணீர், ஒரு அளவுநாடா, அவ்வளவுதான். கவர்னர் கம்ப்ரஸரை நிறுத்தும் வரை, அதாவது சுமார் 120 பிஎஸ்ஐ வரை, காற்றை ஏற்றி, சமதரையில் எஞ்சினை அணைத்துவிட்டு நான்கு மூலையின் உயரத்தையும் எழுதி வைப்பேன். அப்புறம் வால்வின் வெளியேற்றும் வாயில் சோப்பு நுரை. குமிழி வந்தால் உடனே வால்வைக் குறை சொல்லக்கூடாது. இணைப்புக் கம்பியைக் கழற்றி, வால்வின் கையை நடுநிலையில் பிடிக்க வேண்டும். குமிழி நின்றால் கோளாறு கம்பியின் நீளத்திலோ அதன் ரப்பர் புஷ்ஷிலோ. நிற்காவிட்டால் வால்வின் உள் சீல். டேங்கை வடித்துவிட்டு வால்வின் கையை மேலே தூக்கிப் பிடித்தால், பெல்லோவின் காற்று டேங்குக்குத் திரும்பக்கூடாது. திரும்பினால் உள்ளே இருக்கும் ஒருவழி வால்வு போய்விட்டது. வால்வு நன்றாக இருந்தால் நைலான் குழாய் உரசும் இடங்கள், ஃபிட்டிங்குகள், கடைசியாக பெல்லோ. பெல்லோவில் பார்க்க வேண்டியது பிஸ்டன் மேல் ரப்பர் மடிந்து உருளும் அந்த வளையத்தை. வெடிப்பில் உள்நூல் தெரிந்தால் பொறுத்துப் பார்ப்பதற்கு இடமில்லை, மாற்ற வேண்டும்.

சரி, ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காற்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். வால்வின் கையை அசைத்தாலே உடற்கூடு இறங்கும். பெல்லோ வெடித்தால் விலக நேரமே இருக்காது. உடற்கூட்டுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இரும்பு ஸ்டாண்டோ கனமான கட்டையோ வைத்த பிறகுதான் தலையை நீட்டுவேன்.

எலக்ட்ரானிக் முறையிலும் பெல்லோ, குழாய் சோதனை இதேதான். ஆனால் அதற்கு மேல் சென்சார், ஒயர், கனெக்டர், சோலனாய்டு தொகுதி, கட்டுப்பாட்டுப் பெட்டி என்று ஐந்து இடம் கூடுகிறது. சக்கரத்தருகே சேறும் தண்ணீரும் அடிக்கும் இடத்தில் இருக்கும் கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்தால், சோப்பு நுரை எதையும் காட்டாது. கோளாறு எண்ணைப் படிக்கத் தனிக் கருவி வேண்டும். அது வேறொருவர் கையில் இருக்கும். நியாயமாகச் சொன்னால், இந்த முறையில் என் அனுபவம் ஒரு நண்பரின் வண்டியில் இரண்டு பயணங்கள் மட்டுமே. அந்த இரண்டிலும் அது பிழையில்லாமல் வேலை செய்தது. அடிக்கடி இடம் மாறுகிறவர்களுக்கு, மின்வேலை கைவந்தவர்களுக்கு, அது சரியான தேர்வாக இருக்கலாம்.

எதைத் தேர்ந்தாலும் காற்றில் ஈரம் இருந்தால் நிலைக்காது. டேங்கை வடிப்பதும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏர் ட்ரையரின் கார்ட்ரிட்ஜை நேரத்துக்கு மாற்றுவதும் இரண்டுக்கும் பொது.

புது வால்வுகள் போட்டபோது நாங்கள் கூடுதலாகச் செய்தது ஒன்றுதான். ஒவ்வொரு லெவலிங் வால்வுக்கும் அதன் பெல்லோவுக்கும் நடுவே கையால் திருப்பி மூடும் ஒரு சின்ன பால் வால்வு (ball valve). முன்பக்கம் மட்டும் குழாய் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால். இரவு மூன்றையும் மூடிவிட்டுப் படுத்தால் காலையில் விடை கிடைத்துவிடும். மூடியும் இறங்கியிருந்தால் கசிவு பெல்லோ பக்கம், இறங்காவிட்டால் லெவலிங் வால்வு பக்கம். மூடியபடியே ஓட்டினால் உயரம் தன்னைத் திருத்திக்கொள்ளாது என்பதால், மூடும்போதெல்லாம் ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுகிறோம். மூன்றையும் திறந்த கைதான் அதை அவிழ்க்க வேண்டும்.