வாக்கியமா, திருக்கணிதமா? வானத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

என் கணினியில் நான்கு வானியல் மென்பொருள்கள் பல ஆண்டுகளாகக் குடியிருக்கின்றன. ஸ்டெல்லேரியம், செலஸ்டியா, யுனிவர்ஸ் சாண்ட்பாக்ஸ், ஸ்பேஸ் எஞ்சின். எது அழகு என்று கேட்டால் கடைசியில் சொன்னதைக் கைகாட்டுவேன். எதை நம்பலாம் என்று கேட்டால் முதலில் சொன்னதை. இந்த இரண்டு கேள்விகளையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவரை நான்குமே நல்ல துணைதான்.

நான் இருப்பது மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையை ஒட்டிய அடுக்குமாடி வீட்டில். ஒரு பக்கம் தொழிற்சாலை வெளிச்சம், இன்னொரு பக்கம் விமான நிலைய வெளிச்சம். நிலா, வெள்ளி, வியாழன், போனால் போகிறதென்று திருவாதிரை. மாடத்திலிருந்து தெரியும் வானம் அவ்வளவுதான். புகைமூட்டக் காலத்தில் அதுவும் கிடையாது. ஸ்டெல்லேரியத்தில் ஒளி மாசுக்கு 1 முதல் 9 வரை அளவுகோல் இருக்கிறது. 8இல் வைத்தால் என் மாடத்து வானம் அச்சாக வந்துவிடுகிறது. 1க்கு இறக்கினால் இந்தத் தீவில் எங்கே போனாலும் காணக் கிடைக்காத பால்வீதி திரை முழுக்க விரிகிறது. நகரவாசியின் வயிற்றெரிச்சலுக்கென்றே வைத்த வசதி.

ஸ்டெல்லேரியம் பிரெஞ்சு நிரலாளர் ஃபேபியன் ஷெரோ 2000ஆம் ஆண்டு தொடங்கியது. கணினிப் பதிப்புக்குக் கட்டணம் இல்லை. மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. 1.0 என்ற எண்ணைப் போட்டுக்கொள்ள அவர்களுக்கு 2022 அக்டோபர் வரை ஆனது. அந்த நிதானம் எனக்குப் பிடிக்கும். நிறுவியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை எஃப் 6 பொத்தானை அழுத்தி ஊரைச் சரியாகக் குறிப்பது. பினாங்குக்கு வடக்கு 5.4 பாகை, கிழக்கு 100.3 பாகை. இதைச் செய்யாமல் கேட்கும் எந்தக் கேள்விக்கும் வேறு ஊரின் விடைதான் வரும்.

ஊர் எவ்வளவு முக்கியம் என்பதை அக்காள் மகள் கேட்ட கேள்வி காட்டியது. “மாமா, பன்னிரண்டு மணிக்கு நிழல் ரொம்பக் குட்டையாக இருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. நான் அளந்தேன், ஒரு மணிக்கும் குறைந்துகொண்டேதான் இருக்கிறது.” அவள் அளந்தது சரி. மலேசிய நேரம் கிழக்கு 120 பாகைக்கு உரியது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக்குடன் ஒன்றாக்கிக்கொண்டது. பினாங்கோ ஏறத்தாழ இருபது பாகை மேற்கே கிடக்கிறது. ஆகவே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 1.19 மணிக்கு. ஸ்டெல்லேரியத்தில் நாளை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தால் அதுவும் நிலையாக இல்லை. பிப்ரவரி நடுவில் 1.33 வரை தள்ளிப்போகிறது. நவம்பர் தொடக்கத்தில் 1.02க்கே வந்துவிடுகிறது. பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதும் அதன் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து செய்யும் வேலை இது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நாள்களைத் திரையிலேயே கண்டுபிடித்தோம். அன்று மதியம் கார் நிறுத்துமிடத்தில் ஒரு குச்சியை நட்டுச் சரிபார்த்தது அவளுடைய வேலை.

ஆனால் இந்த மென்பொருளிடம் நான் அதிகம் கற்றுக்கொண்டது அம்மாவின் கேள்வியால். எங்கள் வீட்டில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கங்கள் புழங்குகின்றன. திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் பெயர்ந்தது 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026 மார்ச் 6. திருநள்ளாறு வாக்கியத்தைப் பின்பற்றும் தலம். இங்கே தெரிந்தவர்களிலோ பாதிப் பேர் முதல் தேதியிலேயே பரிகாரத்தை முடித்துவிட்டிருந்தார்கள். “நீதான் அந்தப் பெட்டியில் வானத்தையே வைத்திருக்கிறாயே, சனி எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்” என்றார் அம்மா. ஏறத்தாழ ஓராண்டு வித்தியாசம் என்பது சின்ன விஷயமில்லை, நியாயமான கேள்வி.

2025 மார்ச் 29ஐ இட்டு சனியைச் சொடுக்கினேன். சனியின் தீர்க்கம், அதாவது சூரியப் பாதை நெடுக அளக்கும் கோணம், ஏறத்தாழ 354 பாகை என்று திரையின் ஓரத்தில் வந்தது. இது வசந்த சம இரவுப் புள்ளியிலிருந்து, அதாவது மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும்போது சூரியன் நிற்கும் இடத்திலிருந்து, எண்ணும் கணக்கு. நம் பஞ்சாங்கங்கள் விண்மீன்களை வைத்து எண்ணுகின்றன. இரண்டு கணக்குக்கும் உள்ள இடைவெளிக்கு அயனாம்சம் என்று பெயர்; இன்றைய தேதிக்கு அந்த 24 பாகை சொச்சத்தைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது 330. மீனம் தொடங்குவது சரியாக அங்கேதான். ஆக வானத்தோடு ஒத்துப்போவது திருக்கணிதம். வாக்கியம் பழைய சூத்திரங்களைத் திருத்தாமல் காப்பாற்றிவருவது. அவற்றிலிருந்த சிறு பிழை நூற்றாண்டுகளில் வட்டியோடு வளர்ந்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் அம்மாவுக்கு ஒரே விடை கிடைத்திருக்கும். பி பொத்தானை அழுத்தி, சர்வதேச வானியல் ஒன்றியம் வகுத்த விண்மீன் குழு எல்லைகளையும் வரவழைத்தேன். அந்த எல்லைப்படி சனி அன்று கும்பத்தில்தான் இருக்கிறது. மீனத்துக்குள் நுழைவது ஏப்ரல் நடுவுக்கு மேல். மூன்றாவது தேதி! ராசி என்பது முப்பது பாகை சமபங்கு. விண்மீன் குழுவோ கோணல்மாணலான எல்லை கொண்டது. இரண்டும் ஒன்றல்ல. அம்மா சற்று நேரம் யோசித்துவிட்டு, “எதற்கும் இரண்டு தடவையும் எள் தீபம் ஏற்றிவிடலாம், மூன்றாவது உன் பாடு” என்று முடித்துவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த மார்ச் மாதத்தில் சனி சூரியனை ஒட்டி நின்றது. விடியல் வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்கு அகப்படுவதே கடினம். அதே மாதம் 23ஆம் தேதி பூமி சனியின் வளையத் தளத்தைக் கடந்தது. வளையங்கள் விளிம்பு மட்டும் தெரியும்படி ஒரு கோடாகி மறையும் நாள். முன்னது 2009இல், அடுத்தது 2038இல். சூரியனின் ஒளியில் முழுகிப்போன இந்தக் காட்சியை, ஏ பொத்தானால் வளிமண்டலத்தை அணைத்துவிட்டு நிதானமாகப் பார்க்க முடிந்தது.

பொங்கலன்று சூரியனைப் பார்ப்பதும் நல்ல பயிற்சி. மகர சங்கராந்தி என்கிறோம். ஒன்றியத்தின் எல்லைப்படி சூரியன் அன்று இன்னும் தனுசு விண்மீன்களிடையே நிற்கிறது. சூரியனின் வட செலவு (உத்தராயணம்) தொடங்குவதும் டிசம்பர் 21 அல்லது 22லேயே நடந்து முடிந்துவிடுகிறது. ஆண்டைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனால் கி.பி. மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் சங்கராந்தியும் வட செலவின் தொடக்கமும் ஒன்றாகச் சேர்கின்றன. பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுகளில் ஒரு சுற்று சுழல்வதால் 72 ஆண்டுக்கு ஒரு பாகை நழுவுகிறது. படித்தால் மறந்துபோகும் இந்தச் சேதி, விரலால் நகர்த்திப் பார்த்தால் மறப்பதில்லை.

பின்னோக்கிப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். 1582 அக்டோபருக்கு முந்தைய நாள்களை ஸ்டெல்லேரியம் ஜூலியன் நாட்காட்டியில் காட்டும். அதில் பூஜ்யம் என்ற ஆண்டும் உண்டு, அது கி.மு. 1. அதைவிடப் பெரியது பூமியின் சுழற்சி. அது மெல்லக் குறைந்துவருகிறது, ஆனால் சீராகக் குறையவில்லை. ஐயாயிரம் ஆண்டுக்கு முன் ஒரு சூரிய கிரகணம் எந்த ஊரில், எத்தனை மணிக்குத் தெரிந்தது என்பதில் மணிக்கணக்கில் திருத்தம் புகுந்துவிடுகிறது. அந்தத் திருத்தமே ஒரு மதிப்பீடுதான். இதிகாச நிகழ்வுகளுக்கு மென்பொருளை வைத்து நாளும் நாழிகையும் குறிக்கிறவர்களின் காணொளிகள் வாட்ஸ்அப்பில் வரும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. திரையில் நொடி வரை எண் வருவதால் நொடி வரை உண்மை என்று ஆகாது.

செலஸ்டியாவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 2001இல் கிறிஸ் லாரல் வெளியிட்டது, இதுவும் இலவசம். பூமியிலிருந்து பார்ப்பதை ஸ்டெல்லேரியம் காட்டினால், பூமியை விட்டு வெளியே போய்ப் பார்க்க இது. 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் பத்தில் ஒரு பாகை இடைவெளியில் நெருங்கியபோது வீட்டிலிருந்த எல்லோரும் மோதிக்கொள்ளுமா என்று கேட்டார்கள். செலஸ்டியாவில் பக்கவாட்டுக்கு நகர்ந்து காட்டினேன். இடையே எழுபது கோடி கிலோமீட்டருக்கும் மேல். பினாங்குப் பாலத்து விளக்குக் கம்பங்கள் ஒரு கோணத்தில் ஒன்றன்பின் ஒன்று ஒளிந்துகொள்வது போலத்தான்.

யுனிவர்ஸ் சாண்ட்பாக்ஸ் கட்டணம் உள்ளது; ‘அப்படி நடந்தால் என்ன’ வகைக் கேள்விகளுக்கு உரியது. சூரியனை அதே நிறை கொண்ட கருந்துளையாக மாற்றினால் பூமி உள்ளே இழுக்கப்படும் என்றுதான் அக்காள் மகள் பந்தயம் கட்டினாள். பூமி அசையாமல் தன் பாதையிலேயே சுற்றியது; குளிர்ந்து உறைந்தது மட்டும்தான் மாற்றம். ஈர்ப்பைத் தீர்மானிப்பது நிறை, பெயர் அல்ல. ஆனால் இங்கேயும் ஒரு கண் வேண்டும். ஈர்ப்பைச் சிறு சிறு காலத் துண்டுகளாகக் கணக்கிடுவதுதான் இத்தகைய மென்பொருள்களின் வழி. காலத்தை மிக வேகமாக ஓட்டினால் துண்டுகள் பெரிதாகி, நிலா காரணமே இல்லாமல் பிய்த்துக்கொண்டு ஓடக்கூடும். அது இயற்பியல் அல்ல, கணக்கின் சோர்வு. வேகத்தைக் குறைத்து மறுபடி ஓட்டியும் அதே முடிவு வந்தால் மட்டுமே நம்புகிறேன்.

ஸ்பேஸ் எஞ்சின் ரஷ்யரான விளாடிமிர் ரொமான்யுக் உருவாக்கியது. பார்த்தால் வாயடைத்துப்போகும். அதுதான் சிக்கலும். உண்மையான விண்மீன் பட்டியல் தீர்ந்துபோகும் இடத்திலிருந்து அது தானாகவே விண்மீன்களையும் கோள்களையும் புனைந்துகொள்கிறது. ஆர்எஸ் என்று தொடங்கும் பெயருள்ள விண்மீன் புனைவு. ஹெச்ஐபி, ஹெச்டி என்று தொடங்குவது பட்டியலில் உள்ளது. 40 ஒளியாண்டு தொலைவிலுள்ள டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனின் ஏழு கோள்கள் மெய். அவற்றில் தெரியும் கடலும் மேகமும் ஊகம். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. என் மடிக்கணினியின் விசிறி இதைத் திறந்தாலே ஊளையிடும் என்பதால் பள்ளி விடுமுறைக்கு மட்டும் திறக்கிறேன்.

இப்போது ஸ்டெல்லேரியத்தில் அடிக்கடி திறப்பது கிரகணக் கணிப்புப் பக்கத்தை. 2019 டிசம்பர் 26 வளைய கிரகணம் தமிழகத்தையும் சிங்கப்பூரையும் ஜொகூரின் தென்முனையையும் தொட்டுச் சென்றது. எங்களுக்குக் கடித்த பிஸ்கட் அளவுதான் கிடைத்தது. 2031 மே 21 வளைய கிரகணத்தின் பாதை தமிழகத்தின் தென்மாவட்டங்களையும் வட இலங்கையையும் தாண்டிப் பிற்பகலில் மலேசியாவுக்கும் வருகிறது. எந்த ஊரில் நின்றால் வளையம் நடுவாக விழும் என்று ஒவ்வோர் ஊராக மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்று ராகு காலம் எப்போது என்பது அம்மாவின் பொறுப்பு.