மடித்த தாளின் துளைகள்: மனக்கண்ணா, எண்ணிக்கையா, கட்டமா?

மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. தேர்வின் ரீசனிங் பகுதியில், சதுரத் தாளொன்றை இரண்டு மூன்று முறை மடித்துத் துளையிட்டுக் காட்டி, விரித்தால் எந்தப் படம் கிடைக்கும் என்று கேட்பார்கள். இதற்கு நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன: தாளை மடித்தே பார்ப்பது, மனத்துக்குள் விரித்துப் பார்ப்பது, துளைகளை எண்ணிப் பொருந்தாத விடைகளைக் கழிப்பது, கட்டம் போட்டுக் கடைசி மடிப்பிலிருந்து பின்னோக்கி விரிப்பது. தக்கலையில் இருக்கும் அக்காள் மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நேர்ந்தபோது நான் நான்காவதைத் தேர்ந்தேன் என்பதால், இந்த அலசல் அந்தப் பக்கமே சாயும்.

தாளை மடித்துப் பார்ப்பது முதல் வாரத்துக்கு நல்லது. அலுவலகப் பஞ்சிங் மெஷின் ஓரத்தில் மட்டுமே துளை போடும், அதுவும் இரண்டிரண்டாக. ஆகையால் காம்பஸ் முனையே வசதி. எனினும் நம் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய்த் தேர்வெழுதுகிற பிள்ளைகளுக்கு அங்கே கிடைப்பது திருப்பிக் கொடுக்க வேண்டிய ரஃப் ஷீட்தான். அதை மடித்துக் குத்திக்கொண்டிருக்க முடியாது.

மனத்துக்குள் விரிப்பது சிலருக்கு இயல்பாகவே வரும். அமெரிக்காவின் இ.டி.எஸ். என்ற தேர்வு நிறுவனம் 1976-இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பிலும் இத்தகைய காகித மடிப்புச் சோதனை உண்டு. 10 கேள்விகளுக்கு 3 நிமிடம் என்ற கணக்கில், மனத்தில் உருவத்தைக் கையாளும் திறனை அளப்பதே அதன் நோக்கம். நமக்கு வேண்டியது மதிப்பெண். அது எந்தத் திறனால் வந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. மூன்றாவது மடிப்பில் படம் கலங்கிவிடுகிறவர்கள் இந்த வழியைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை.

எண்ணிக்கை வழியைப் பயிற்சி வகுப்புகள் பெரிதாகச் சொல்கின்றன. அதில் நியாயமும் உண்டு. தாள் முழுதாக ஒன்றன்மேல் ஒன்று படியும்படி மடிக்கப்பட்டால், ஒவ்வொரு மடிப்புக்கும் அடுக்கு இரட்டிக்கும்: 2, 4, 8. துளையும் அத்தனை. ஆனால் தாளின் ஒரு பகுதி மட்டும் மடிக்கப்பட்டிருந்தால், துளை விழுந்த இடத்தில் எத்தனை அடுக்கு என்று தனியாகப் பார்க்க வேண்டும். மடிப்பு விளிம்பில் வெட்டிய அரைவட்டமோ விரிந்ததும் ஒரே முழுவட்டமாகிவிடும். இவற்றையெல்லாம் கவனித்த பிறகும் ஒரு சங்கடம் எஞ்சுகிறது. அக்காள் மகள் கேட்டாள்: “மாமா, நாலு விடையிலயும் எட்டு ஓட்டைதான கெடக்கு, பின்ன எதக் கழிக்க?”

அந்தச் சங்கடம் பெரும்பாலும் மூலைவிட்ட மடிப்பில்தான் வருகிறது, என் தேர்வைத் தீர்மானித்ததும் அதுவே. தாளை 4×4 கட்டமாகப் பிரித்து, மேலிருந்து நிரையையும் (கிடைவரிசை) இடமிருந்து நிரலையும் (நெடுவரிசை) எண்ணுங்கள். வலப்பாதியை இடப்பாதியின்மேலும், பின் கீழ்ப்பாதியை மேற்பாதியின்மேலும் மடித்தால், இடது மேல்மூலையின் 2×2 பகுதி மிஞ்சும். இப்போது அதன் வலது கீழ்மூலையை இடது மேல்மூலைக்குக் கொண்டுவந்து மடித்து, முதல் நிரை முதல் நிரலான (1,1)-இல் துளையிடுவோம். மடிப்புக்கோடு ஒரு கண்ணாடி. கடைசியாக மடித்ததை முதலில் விரிக்க வேண்டும். மூலைவிட்டத்தை விரித்ததும் (2,2) சேரும். கீழ்ப்பாதியை விரிக்கும்போது நிரை 1 நாலாகவும் 2 மூன்றாகவும் மாறி (4,1), (3,2) சேரும். வலப்பாதியை விரிக்கும்போது நிரல்கள் அவ்வாறே மாறி (1,4), (2,3), (4,4), (3,3) வரும். எட்டுத் துளைகளும் இரு மூலைவிட்டங்களில் பெருக்கல் குறியாக நிற்கும்.

அதே 2×2 பகுதியை மற்ற மூலைவிட்டத்தில் மடித்து (1,2)-இல் துளையிட்டிருந்தால் நிரையும் நிரலும் இடம் மாறி (2,1) கிடைக்கும். முழுதும் விரித்தபின் நான்கு ஓரங்களிலும் இரண்டிரண்டாகத் துளைகள் அமையும். இதிலும் எட்டுதான்! எண்ணுகிறவருக்கு இரண்டும் ஒன்று. கட்டம் போட்டவருக்கோ (1,1) நிரம்பியிருக்கிறதா என்ற ஒற்றைக் கேள்வியிலேயே விடை பிரிந்துவிடுகிறது.

கட்ட வழிக்குச் செலவாவது நேரம். 100 கேள்விகளுக்கு 60 நிமிடம் என்றால் ஒன்றுக்கு 36 வினாடி; தவறான விடைக்கு அரை மதிப்பெண் வேறு குறையும். எனவே முதலில் எண்ணிப் பார்த்துவிட்டு, விடைகள் ஒன்றாகவே நின்றால் மட்டும் கட்டத்துக்குப் போகச் சொல்கிறேன். முழுப் படத்தையும் வரைய வேண்டியதில்லை. விடைகள் எந்தக் கட்டத்தில் வேறுபடுகின்றனவோ அந்தக் கட்டத்தை மட்டும் சோதித்தால் போதும். துளை முக்கோண வடிவமாக இருந்தால், ஒவ்வொரு விரிப்பிலும் அதன் முனை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைச் சிறு அம்புக்குறியால் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அத்தகைய கேள்விகளில் இடம் சரியாக இருந்தும் திசை மாறிய விடை ஒன்று காத்திருக்கும்.

வட்டத் தாளையும், சதுரத்தை 60 பாகையில் மடிக்கும் கேள்விகளையும் நான் அதிகம் போட்டுப் பார்த்ததில்லை. அங்கே சதுரக் கட்டம் பொருந்தாது என்பதால், மடிப்புக்கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு கோடு இழுத்து, அதே தூரத்தில் மறுபுறம் புள்ளி வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். 36 வினாடிக்குள் அது கைகூடுமா என்பதை நிறையப் போட்டுப் பழகியவர்கள்தான் சொல்ல வேண்டும்.