டேப்பா, அல்ட்ராசவுண்டா?

தொப்பைக் கொழுப்பை அறிய இடுப்பை அளக்கச் சொன்னால், காரைக்குடிப் பக்கம் வேட்டிக் கட்டின் மேலேயே டேப்பைச் சுற்றிவிடுகிறார்கள். தொப்பைக்குக் கீழே எடுக்கும் அந்த அளவு தப்பு. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்டதும் அளக்க வேண்டும். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் உஷார். மாதாமாதம் பார்க்க இதுவே போதும், செலவும் இல்லை.

ஆனால் கொழுப்பு தோலடியிலா, குடலைச் சுற்றியா என்று டேப்புக்குத் தெரியாது. அல்ட்ராசவுண்ட் திரையில் தோலுக்கும் தசையுறையின் (தசையைப் போர்த்திய சவ்வின்) வெள்ளைக் கோட்டுக்கும் இடையே கருத்த பட்டையாகத் தெரிவது தோலடிக் கொழுப்பு. வயிற்றுத் தசையின் உள்விளிம்பிலிருந்து பெருந்தமனியின் (இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாயின்) முன்சுவர் வரையுள்ள தூரம் உள்கொழுப்பைக் காட்டும். புரோபை (வயிற்றின் மேல் வைக்கும் ஸ்கேன் கருவியை) அழுத்தினால் கொழுப்பு நசுங்கி அளவு குறையும். ஜெல்லைத் தாராளமாகப் பூசி, பட்டும் படாமலும் வைக்க வேண்டும். கல்யாண வீட்டில் வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம் என்று வெளுத்துக்கட்டிவிட்டுப் போனால் குடல் வாயு தமனியையே மறைத்துவிடும். வெறும் வயிற்றோடு போங்கள்.