சீன மூலத்தில் சோழரைத் தேடி: ஏழு வருஷப் புழக்கம்

ராஜராஜன் சீனாவுக்குத் தூது அனுப்பினான் என்று எல்லாப் புத்தகத்திலும் ஒரு வரி வரும். அடிக்குறிப்பைப் பிடித்துப் போனால் இன்னொரு புத்தகம், அதைப் பிடித்தால் வேறொன்று. மூலத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கலாமே என இறங்கினேன். நான் பல்கலைக்கழக ஆளில்லை, வேலை முடிந்து ராத்திரி ஒன்பது மணிக்குமேல் உட்காருகிறவன். சீனம் அரைகுறை, அகராதியைக் கட்டிக்கொண்டு எழுத்தெழுத்தாகத்தான் போவேன்.

அதிகம் புழங்கியது சைனீஸ் டெக்ஸ்ட் புராஜெக்ட், பழைய சீன நூல்களைத் திரட்டி வைத்திருக்கும் இணையதளம். டொனால்ட் ஸ்டர்ஜன் 2006-இல் தொடங்கியது, இலவசம். ஒரு குறியை அழுத்தினால் பத்தியில் உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் பொருள் வரிசையாக வந்து நிற்கும். இந்த வசதி இல்லையென்றால் இரண்டாவது வாரமே மூட்டை கட்டியிருப்பேன்.

சீனாவை அப்போது ஆண்ட சோங் வம்சத்தின் வரலாற்றில் 489-ஆம் பாகத்தில் சோழநாடு இருக்கிறது. பெயர் 'ஜூ-நியன்'. பழைய ஆங்கில நூல்களில் இதே பெயர் 'சூ-லியன்' என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான் என்று தெரியவே எனக்கு ஒரு மாதம் ஆனது. 1015-இல் தூதுக்குழு வந்தது, அனுப்பிய அரசன் 'லுவோ-சா-லுவோ-ஜா'. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ராஜராஜன் வந்துவிடுவான். ஆனால் அவன் 1014-இலேயே காலமாகிவிட்டானே என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு குடைச்சல். பதில் அதே பாகத்தில் ஒரே வரியில் கிடந்தது: கிளம்பி 1,150 நாள் கழித்துத்தான் தென்சீனத் துறைமுகமான குவாங்ஜோவில் கரையேறியிருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கும் மேல். கப்பல் ஏறும்போது இருந்த ராஜா, இறங்கும்போது இல்லை. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தளத்தில் கணினியே படம் பார்த்து எழுதிய நூல்கள் ஏராளம், அவற்றில் பிழை இருக்கும். பக்கத்திலேயே அச்சுப் பக்கத்தின் படம் இருப்பவற்றில் அதையும் பார்த்துவிட்டுத்தான் நான் எதையும் குறித்துக்கொள்வேன்.

பௌத்த நூல்களுக்கு சிபேட்டா என்ற மின்தொகுப்பு. 1998-இல் தைபேயில் தொடங்கியது. தோக்கியோவில் 1924 முதல் 1934 வரை அச்சான தைஷோ திரிபிடகம் என்ற சீன பௌத்த நூல் தொகுப்புதான் அடிப்படை. வரியை நகலெடுத்தால் தொகுதி, நூல் எண், பக்கம் எல்லாம் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். யுவான் சுவாங் பயணக்குறிப்பு 51-ஆம் தொகுதி, 2087-ஆம் நூல். அதில் 'திராவிடம்' என்று தேடினேன், ஒன்றுமே வரவில்லை. காஞ்சிபுரத்தைச் சொல்லியிருக்கிறவர் திராவிடத்தை விட்டிருப்பாரா? மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டபின் தெரிந்தது, தப்பு என்னுடையது. திராவிடத்தின் சீன வடிவமான 'தா-லுவோ-பி-து' என்பதில் கடைசி எழுத்து 'து'. அதில் ஒரு கோடு குறைந்தால் தேயிலையைக் குறிக்கும் 'சா'. நான் தேயிலையைப் போட்டுத் திராவிடத்தைத் தேடியிருக்கிறேன்! ஓலைச்சுவடியில் ரகரமும் காலும் குழம்புமே, அதே கதை. திருத்தியதும் நாடும் வந்தது, தலைநகரின் சுற்றளவு முப்பது லி (சீனத் தூர அளவு) என்ற கணக்கும் வந்தது. அப்போதிருந்து எந்தப் பெயரையும் இரண்டு மூன்று எழுத்து வடிவில் தேடுகிறேன்.

ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஜேஸ்டோர் தளத்தில் கணக்கு ஒன்று போதும், தனிநபருக்கும் மாதம் 100 கட்டுரை திரையில் படிக்கக் கொடுக்கிறார்கள். பிரெஞ்சு தூரக்கிழக்குப் பள்ளியின் இதழ் 1901 முதல் பெர்சே தளத்தில் இலவசம், பிரெஞ்சுதான் தடை. ஒரே ஒரு முறை ஒரு பதிப்பகத்துக்குக் காசு கட்டி இருபது பக்கக் கட்டுரை வாங்கினேன். சோழரைப் பற்றி அதில் இருந்தது ஒன்றரை வரி. பதிப்பகத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், வயிற்றெரிச்சல் மட்டும் பாக்கி.

ஆங்கில மொழிபெயர்ப்பு போதுமே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால், மேலோட்டமாகத் தெரிந்துகொள்ள அது போதும். பெயர்களில் சந்தேகம் வந்தால்தான் மூலம் வேண்டும்.

இப்போது அப்படி ஒரு பெயரில்தான் மாட்டியிருக்கிறேன். சோங் வரலாற்றில் 1077-இல் தூது அனுப்பிய சோழ அரசன் 'தி-ஹுவா-ஜியா-லுவோ'. 1079-ஆம் ஆண்டு குவாங்ஜோவின் தாவோ மதக் கோயில் கல்வெட்டில் அதே பெயர் சுமத்திராப் பக்கத்து ஸ்ரீவிஜய அரசின் தலைவனுக்கு. குலோத்துங்கன்தான் என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. நான் இன்னும் எந்தப் பக்கமும் சேரவில்லை.