ஏபிசி எச்சரிக்கை: மாற்றப்படாத பம்புக்கு 2,85,000 ரூபாய்

ஏபிசி எனப்படும் ஆக்டிவ் பாடி கன்ட்ரோல் (எண்ணெய் அழுத்தத்தால் வண்டியின் உயரத்தையும் ஆட்டத்தையும் கட்டுப்படுத்தும் சஸ்பென்ஷன்) பொருத்திய பழைய பென்ஸ் காரைச் சென்னையில் வைத்திருப்பவர்கள், திரையில் எச்சரிக்கை தோன்றியதும் கண்ணில் பட்ட பணிமனைக்கு வண்டியை ஓட்டிச் செல்வதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என்னிடம் இருப்பது 2005ஆம் ஆண்டு எஸ்.எல். 500. சென்ற ஆண்டு மே மாதத்தில் சர்தார் படேல் சாலையில் ஒரு வேகத்தடையைக் கடந்தபோது வண்டி முழுவதும் அதிர்ந்தது. உடனே, கவனமாக ஓட்டுமாறு கூறும் வெள்ளை எழுத்து எச்சரிக்கை வந்தது. வண்டி தாழ்ந்துவிட்டது, நிறுத்துக என்று சிவப்பில் வரும் எச்சரிக்கை வேறு. அதைக் கண்டும் தொடர்ந்து ஓட்டினால், எண்ணெய் கசிந்து வற்றிய நிலையில் பம்பே தேய்ந்து அழியக்கூடும். எனக்கு வந்தது வெள்ளைதான் என்பதால், மெதுவாக ஓட்டி, புறநகரில் ஜெர்மன் கார்களுக்கென்றே இருப்பதாக விளம்பரம் செய்திருந்த ஒரு பணிமனையில் விட்டேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை; பானெட்டைத் திறந்து பார்த்தவர், ஸ்டியரிங்குக்கும் ஏபிசிக்கும் பொதுவான டாண்டம் பம்ப் போய்விட்டது என்று தீர்ப்பு கூறிவிட்டார். இந்த அமைப்பு ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் இயங்குவது. அந்த அழுத்தத்தைக் கருவியில் அளந்து பார்த்தீர்களா என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. முன்பணம் வாங்கி, ஐந்து வாரம் வண்டியை வைத்திருந்து, மொத்தம் 2,85,000 ரூபாய் பெற்றுக்கொண்டு, 'ஹைட்ராலிக் வேலை' என்று ஒரே வரியில் பில் கொடுத்தார்கள். பாகத்தின் எண் அதில் இல்லை. பழைய பம்பைக் கேட்டதற்கு, கழிவோடு போய்விட்டது என்றார்கள்.

பதினோராம் நாள் அதே எச்சரிக்கை மீண்டும் வந்தது. புதுப்பேட்டையில் உதிரிபாகம் விற்கும் நண்பர் ஒருவர் அனுப்பிய முதிய மெக்கானிக், வீட்டுக்கே வந்து முதலில் எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்தார். பச்சை நிறச் செயற்கை எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில், கியர்பெட்டிக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெய் கலந்திருந்தது. பிறகு கருவியை இணைத்து அழுத்தத்தைப் பார்த்தார். எண் ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. "பம்ப் நல்லாத்தான் இருக்கு சார், அக்குமுலேட்டர்ல கேஸ் இல்லை" என்றார். அக்குமுலேட்டர் என்பது உள்ளே ஒரு சவ்வால் பிரிக்கப்பட்டு, ஒரு பக்கம் நைட்ரஜன் நிரப்பப்பட்ட கிண்ணம். பம்பின் துடிப்பை அது உள்வாங்கிக்கொள்ளும். வாயு வெளியேறிவிட்டால் அந்தத் துடிப்பு நேராகக் குழாய்களைத் தாக்கி, நாளடைவில் அவற்றையும் வெடிக்கச் செய்யும்.

என்னைச் சுட்டது அடுத்து அவர் காட்டியதுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மெக்கானிக் பம்பின் மீது வைத்த வெள்ளைப் பெயின்ட் புள்ளி அப்படியே இருந்தது. அப்போது நான் கைப்பேசியில் எடுத்த படத்திலும் அதே புள்ளி, அதே இடத்தில் இருந்தது. அக்குமுலேட்டர்களை மாற்றி, எண்ணெயை முழுவதும் வெளியேற்றிப் புதிய பச்சை எண்ணெய் நிரப்பியதற்கு மொத்தம் 74,000 ரூபாய் ஆனது. அதன்பின் எச்சரிக்கை வரவில்லை.

ஆகவே, பம்பை மாற்ற ஒப்புதல் தருவதற்கு முன் அழுத்த எண்ணை உங்கள் கண்ணால் பாருங்கள். இரவில் ஒரு மூலை மட்டும் தாழ்ந்தால், பெரும்பாலும் ஐயப்பட வேண்டியது அந்த மூலைக்குப் போகும் எண்ணெயைத் திறந்து மூடும் வால்வு பிளாக்கை, பம்பை அல்ல. வேலைக்கு முன் பாகத்தைப் படமெடுத்து, கழற்றியதைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். நீங்களே பார்க்க நினைத்தாலும், தாங்குகட்டை வைக்காமல் அடியில் நுழைய வேண்டாம். அழுத்தம் போனால் வண்டி எச்சரிக்காமல் அமர்ந்துவிடும்.

பணிமனையின் பெயரை இங்கே எழுதவில்லை, ஏனெனில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளித்துவிட்டேன். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். வழக்கறிஞர் அறிவிப்புக்கு அவர்கள் அனுப்பிய பதிலில், பம்ப் புதியது என்றே எழுதியிருக்கிறார்கள். வாங்கிய ரசீதை மட்டும் இணைக்கவில்லை.