ஈஎஸ்பி32 போர்டு: தண்ணீர்த் தொட்டி மூடி மேல் ஒரு வருடம்

பெங்களூரு கம்பெனி ஒன்றுக்குக் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தே பேக்எண்ட் வேலை பார்க்கிறேன். காலை 10 மணிக்கு ஸ்டாண்டப் மீட்டிங். சரியாக அந்த நேரத்துக்குத்தான் அம்மா மோட்டார் போடுவார். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுப்படியில் இருந்து "டேய், தண்ணி வழியுது பாரு, ஓடிப் போய் நிறுத்து" என்று குரல் வரும். எங்கள் தெருவில் கோடையில் போர்வெல் தண்ணீர் அரை மணி நேரம் வந்தாலே பெரிய விஷயம், அது மொட்டை மாடியில் வழிந்து சாக்கடைக்குப் போவதைப் பார்த்தால் வயிறு எரியும். அதற்காகத்தான் போன வருடம் ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை வாங்கினேன். ஒரு வருடம் வெயில், மழை, கரண்ட் கட் எல்லாம் பார்த்துவிட்டது. எழுதும் அளவுக்கு இப்போது விஷயம் இருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஷாங்காயில் இருக்கும் எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட சிப் இது. 240 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு கோர், 520 கேபி ராம், கூடவே வைஃபையும் புளூடூத்தும். நான் வாங்கியது அந்தச் சிப்பை வைத்து யாரோ செய்த, பெயர் இல்லாத 30 பின் (கம்பி மாட்டும் கால்கள்) டெவ்கிட் போர்டு. ஆன்லைனில் ஏறக்குறைய 450 ரூபாய். ஆபீஸில் ஒரு சின்ன சர்வீஸுக்கே 2 ஜிபி ராம் ஒதுக்கிப் பழகியவனுக்கு 520 கேபிக்குள் ஒரு வேலையை முடிப்பது வேறு மாதிரி சந்தோஷம். அதை அனுபவித்தே பார்க்க வேண்டும்.

1000 லிட்டர் தொட்டி. மூடியில் ஓட்டை போட்டு, கீழே பார்த்த மாதிரி ஓர் அல்ட்ராசோனிக் சென்சார். அது ஒலியை அனுப்பும், தண்ணீரில் பட்டுத் திரும்ப எத்தனை மைக்ரோசெகண்ட் ஆனது என்று போர்டு எண்ணும், ஒரு சென்டிமீட்டர் போய்த் திரும்ப 58 மைக்ரோசெகண்ட் என்பதால், 58-ஆல் வகுத்தால் சென்டிமீட்டர் வந்துவிடும். முதலில் மைக்ரோபைத்தானில் (இந்த மாதிரிச் சின்ன சிப்களில் ஓடும் பைத்தான் மொழி) எழுதினேன், ஒரே மாலையில் வேலை முடிந்தது. அப்புறம் சி++ மாதிரி எழுதும் ஆர்டுயினோவுக்கு மாற்றினேன், எனக்கு வேண்டிய லைப்ரரிகள் (மற்றவர்கள் எழுதி வைத்த ப்ரோகிராம் துண்டுகள்) அதில் தயாராக இருந்தன என்பதால்தான். மைக்ரோபைத்தான் மேல் எந்தக் குறையும் இல்லை.

எனக்கு இந்தப் போர்டை நிஜமாகவே பிடித்துப்போனது ஒரு சித்திரை மாத மதியத்தில்தான். கிராஃப் போட்டுப் பார்க்கிறேன், மதியம் 1 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் தண்ணீர் மட்டம் 3 செ.மீ. ஏறியிருக்கிறது. மோட்டார் போடவில்லை, மழையும் இல்லை. வீட்டில் எல்லோரும் தூக்கம். மறுநாளும் அதே நேரத்தில் அதே ஏற்றம், சாயங்காலம் 6 மணிக்கு மேல் மெல்லத் தானாக இறங்குகிறது. ப்ரோகிராமில்தான் தப்பு என்று நினைத்து சராசரி எடுக்கும் பகுதியை மாற்றி எழுதினேன், சென்சாரையும் மாற்றிப் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை. மூன்றாம் நாள் மதியம் 2 மணிக்கு மாடிக்குப் போய் மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்து குப்பென்று அனல் முகத்தில் அடித்தது, அந்த நொடியே புரிந்துவிட்டது. காற்று சூடானால் ஒலி வேகமாகப் போகும். ஒரு டிகிரி கூடினால் நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மலைப்பாறை, வெயில் காலத்தில் ராத்திரி 9 மணிக்கும் அனல் விடும். தொட்டிக்குள் காலையில் 28 டிகிரி இருக்கும் காற்று மதியம் 48 வரை போகிறது. 20 டிகிரி வித்தியாசம் என்றால் நொடிக்கு 12 மீட்டர். ஒலி சீக்கிரம் திரும்பி வருகிறது, நான் எழுதிய 58 மட்டும் அப்படியே இருக்கிறது, அதனால் தண்ணீர் பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி கணக்கு காட்டுகிறது. தண்ணீர் ஒரு மீட்டர் கீழே இருந்தால் 3 செ.மீ.க்கு மேல் பிசகும்.

டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார் ஒன்றை வாங்கி, 4.7 கிலோஓம் ரெசிஸ்டரோடு சேர்த்து மூடிக்குள் தொங்கவிட்டேன். 58 என்ற எண்ணை எடுத்துவிட்டு, அந்த நேரத்து வெப்பத்துக்கு ஏற்ற வேகத்தைப் போட்டேன். மறுநாள் மதியம் கோடு நேராகப் போனது. பத்து வருடமாகக் கோடிங் செய்கிறேன், பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஒரு சூத்திரம் என் ப்ரோகிராமில் ஒரு வரியாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

சரி, தொந்தரவுகளுக்கு வருகிறேன். வாங்குகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் சில ராத்திரித் தூக்கம் மிச்சம்.

பின்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை, என் கணக்கில் இதுதான் பெரிய குறை. 34-இல் இருந்து 39 வரை உள்ளவை சிக்னலை உள்ளே வாங்க மட்டும்தான், அதில் எல்இடி கூட எரிக்க முடியாது. மின்னழுத்தத்தை அளந்து எண்ணாக்கும் ஏடிசி என்ற பகுதி சிப்பில் இரண்டு உண்டு, அதில் ஏடிசி2-வைச் சேர்ந்த பின்களில் வைஃபை ஓடும்போது அனலாக் அளவு எடுக்க முடியாது. நான் 4-ஆம் பின்னில் ஒரு சென்சாரை மாட்டினேன், தனியாக ஓட்டினால் நன்றாக வேலை செய்கிறது, வைஃபை சேர்த்ததும் செத்துவிடுகிறது. இரண்டு ராத்திரி போனது. 32 முதல் மேலே இருப்பவை ஏடிசி1, அதற்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. 12-ஆம் பின் இன்னும் மோசம். போர்டு ஆன் ஆகும் நொடியில் அந்தப் பின்னில் மின்னழுத்தம் இருந்தால் ப்ரோகிராமைச் சேமிக்கும் ஃபிளாஷ் மெமரிக்கு 1.8 வோல்ட் போதும் என்று சிப் எடுத்துக்கொள்ளும், அப்புறம் போர்டு பூட் ஆகாது. பழகும் வரை அந்தப் பின்னைத் தொடாமல் இருப்பதே நல்லது. போர்டு முழுக்க 3.3 வோல்ட், ஆனால் அல்ட்ராசோனிக் சென்சார் 5 வோல்ட்டில் பதில் தரும். நடுவில் 1 கிலோஓம், 2 கிலோஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டு இறக்கித்தான் கொடுக்க வேண்டும். நேராக மாட்டியும் ஓடுகிறதே என்று சிலர் சொல்வார்கள், ஓடும், எவ்வளவு நாளைக்கு என்பதுதான் கேள்வி.

அடுத்தது கரண்ட். வைஃபை ஆன் ஆகும் நொடியில் திடீரென்று நிறைய இழுக்கும், 500 மில்லிஆம்பியராவது தரும் சப்ளை வேண்டும். வீட்டில் கிடந்த மெல்லிய பழைய கேபிளில் மாட்டினேன், 'பிரவுன்அவுட் டிடெக்டர் வாஸ் ட்ரிகர்ட்' (வோல்ட்டேஜ் இறங்கிவிட்டது) என்று காட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனது. கேபிளை மாற்றி, சப்ளைக்குக் குறுக்கே ஒரு பெரிய கெபாசிட்டர் வைத்ததும் நின்றது. இன்னொரு கேபிளில் சார்ஜ் மட்டும்தான் ஏறும், டேட்டாவுக்கான கம்பியே உள்ளே இல்லை. கம்ப்யூட்டர் போர்டைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

எங்கள் பக்கம் கரண்ட் போய் வருவது சகஜம். கரண்ட் வந்ததும் போர்டு ஒரே நொடியில் எழுந்துவிடும், ரவுட்டர் எழ இரண்டு நிமிடம் ஆகும். வைஃபை கிடைக்கவில்லை என்று என் ப்ரோகிராம் முயற்சியை விட்டுவிட்டுச் சும்மா இருந்தது. விடாமல் முயற்சி செய்யும்படி மாற்றி எழுத வேண்டியதாயிற்று. போர்டுக்குள் நேரம் காட்டும் பேட்டரி கடிகாரம் எதுவும் கிடையாது, நெட் வரும் வரை பதிவுகள் எல்லாம் 1970 ஜனவரி 1 என்றே விழும். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், 5 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டரை இதன் கண்ணுக்கே தெரியாது.

முதலில் போட்ட சென்சார் திறந்த மாதிரி, மழைக்காலத்தில் தொட்டிக்குள் வியர்க்கும் ஈரத்தில் இரண்டே மாதத்தில் பச்சை பூத்துவிட்டது. இப்போது இருப்பது நீர் புகாத ஜேஎஸ்என் வகை. பக்கத்தில் 25 செ.மீ. வரை இருப்பது அதற்குத் தெரியாது, அதனால் அந்த இடம் வந்ததுமே தொட்டி நிறைந்தது என்று கணக்கு வைத்துக்கொண்டேன். போர்டுக்குப் பெட்டி, காவேரிப்பட்டணத்து நிப்பட்டு வந்த பிளாஸ்டிக் டப்பா. கம்பி வரும் ஓட்டையை அடைக்காமல் விட்டதில் வெதுவெதுப்புக்கு எறும்பு புகுந்து முட்டையே வைத்துவிட்டது. எம்சீல் வைத்து அடைத்த பிறகு ஒன்றும் வரவில்லை.

அடுப்படியில் இரண்டாவது போர்டு. மாடியில் இருக்கும் போர்டு சொல்வதைப் பழைய லேப்டாப்பில் ஓடும் மஸ்கிட்டோ என்ற சாஃப்ட்வேர் வழியாக எம்க்யூடிடியில் (சாதனங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் முறை) கேட்டுக்கொள்ளும், நெட் போனாலும் வீட்டுக்குள் வேலை நடக்கும். தொட்டி நிறைந்தால் பஸ்ஸர் அடிக்கும். மோட்டாரையும் இதுவே நிறுத்தட்டும் என்று நீல நிறத்தில் வரும் சின்ன ரிலேவை (சின்ன சிக்னலில் இயங்கும் ஸ்விட்ச்) எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது 10 ஆம்பியர்னு போட்டிருக்கு, ஆனா ஒரு எச்.பி. மோட்டார் எடுக்கிற நேரத்துல அதைவிடப் பல மடங்கு இழுக்கும். உள்ள இருக்கிற தகடு ஒட்டிக்கும். அப்புறம் நீங்க நிறுத்தச் சொன்னாலும் நிக்காது." அவர் சொன்னபடி ரிலே ஒரு கான்டாக்டரை (பெரிய கரண்டைத் தாங்கும் ஸ்விட்ச்) மட்டும் இயக்கும், மோட்டாரைக் கான்டாக்டர் இயக்கும். வயரிங் முழுக்க அவர் கையால்தான். 230 வோல்ட் பக்கம் நீங்களும் தெரிந்தவரை வைத்தே செய்யுங்கள், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ரொம்பப் பிடித்தது ஓடிஏ. போர்டு மாடியில், நான் கீழே முன்னறையில், புது ப்ரோகிராமை வைஃபை வழியாகவே ஏற்றிவிடலாம். 4 எம்பி ஃபிளாஷுக்குள் ப்ரோகிராமுக்கு இரண்டு பாகம் ஒதுக்கிப் புதியதையும் பழையதையும் தனித்தனியே வைப்பதால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 1.3 எம்பிதான் கிடைக்கும், இந்த வேலைக்கு அது தாராளம். மே மாத வெயிலில் ஏணி ஏறாமல் ஒரு பிழையைச் சரி செய்து முடித்தேன், அந்த நிம்மதியை மறக்க முடியாது.

வெப் வேலை மட்டுமே பார்த்தவர்கள் கட்டாயம் ஒன்று வாங்குங்கள், முடிந்தால் இரண்டாக. சில போர்டுகள் அகலமானவை, பிரெட்போர்டில் (சால்டர் செய்யாமல் கம்பி செருகிப் பார்க்கும் ஓட்டைப் பலகை) ஒரு பக்கம் ஓட்டையே மிஞ்சாது, ஒல்லியானதாக எடுத்தால் வசதி. ப்ரோகிராம் ஏற்றும்போது 'கனெக்டிங்' என்று புள்ளி புள்ளியாக நின்றால் பூட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். உதிரிகளுக்கு நான் பெங்களூரு எஸ்.பி. ரோடு போய்வருகிறேன், இங்கிருந்து பஸ்ஸில் 90 கிலோமீட்டர்தான், கடைக்காரர்களே எது தேறும் எது தேறாது என்று சொல்லிவிடுகிறார்கள்.

இப்போது காவேரிப்பட்டணத்தில் மாமா, மாந்தோப்பு மோட்டாருக்கும் இதே மாதிரி வேண்டும் என்கிறார். த்ரீ ஃபேஸ் எப்போது வருகிறது என்று தெரியாமல் ராத்திரி டார்ச்சோடு தோப்புக்கு நடக்கிறார், வழியில் பாம்பு. வீட்டு வைஃபை அவ்வளவு தூரம் எட்டாது என்பதால் இந்தப் போர்டு மட்டும் அங்கே போதாது. வைஃபையை விடத் தூரம் எட்டும் லோரா ரேடியோ மாட்யூல் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் தோப்புக் கொட்டகையில் வைத்து, மாமா வீட்டுத் திண்ணை வரை சிக்னல் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.