மெகாரெய்டு 9361-8ஐ: கேஷ்வால்ட் இல்லாமல் வாங்காதீர்கள்

எல்எஸ்ஐ பெயரில் வந்து இப்போது பிராட்காம் கையில் இருக்கும் இந்த ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் கார்டு), ஹார்டு டிஸ்க்குகளில் டேட்டாபேஸ் ஓட்டுகிறவர்களுக்கு இன்றும் நல்ல தேர்வு. டிஸ்க்குகளை இணைக்க 12 ஜிகாபிட் சாஸ் போர்ட் 8, மதர்போர்டில் மாட்ட பிசிஐஇ 3.0 எக்ஸ்8, 1 ஜிபி கேஷ் (கார்டிலேயே இருக்கும் தற்காலிக மெமரி). ஆனால் கேஷ்வால்ட் எனும் சூப்பர் கெப்பாசிட்டர் தொகுப்பைத் தனியாக வாங்க வேண்டும். அதை மிச்சம் பிடித்தால் கார்டுக்குக் கொடுத்த காசில் பாதி வீண்.

ரைட்-பேக் முறையில், எழுத வந்த டேட்டா கேஷில் விழுந்ததுமே ‘எழுதியாச்சு’ என்று கார்டு சர்வருக்குச் சொல்லிவிடுகிறது. கரண்ட் போனால் கேஷில் இருப்பதை ஃபிளாஷுக்கு மாற்றும் நேரம்வரை தாங்குவது அந்தக் கெப்பாசிட்டர்தான். அது இல்லையென்றால் கார்டு ரைட்-த்ரூவுக்கு, அதாவது டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே பதில் சொல்லும் முறைக்கு, இறங்கிவிடும். அப்போது ரெய்டு 5-இல் (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டாவை மீட்கும்படி பாரிட்டி கணக்கையும் சேர்த்து எழுதும் அமைப்பு) ஒவ்வொரு சின்ன எழுத்தும், பழைய டேட்டாவையும் பாரிட்டியையும் படித்து, புதியவற்றை எழுதும் நான்கு வேலைகள் முடியும்வரை காத்திருக்கும். சிலர் ‘எப்போதும் ரைட்-பேக்’ என்று செட் செய்து சமாளிப்பார்கள். யுபிஎஸ் இருக்கிறதே என்ற தைரியம்! சர்வருக்குள் இருக்கும் பவர் சப்ளையே போனால் யுபிஎஸ் என்ன செய்யும்?

கேஷ் இருக்கிறதென்று டிஸ்க் கணக்கை விட்டுவிடக் கூடாது. 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒன்று விநாடிக்குச் சுமார் 75 ரேண்டம் வேலை (அங்கங்கே சிதறிய சின்னப் படிப்பு, எழுத்து) செய்யும். 8 டிஸ்க்குக்கு 600. ஒரு எழுத்துக்கு ரெய்டு 10-இல் (ஒவ்வொன்றையும் இரண்டு டிஸ்க்கில் எழுதும் அமைப்பு) இரண்டு, ரெய்டு 5-இல் நான்கு, இரட்டைப் பாரிட்டி உள்ள ரெய்டு 6-இல் ஆறு டிஸ்க் வேலை ஆகும். 70 சதவீதம் படிப்பு, 30 சதவீதம் எழுத்து என்றால் ரெய்டு 10-இல் 460 தேறும், ரெய்டு 5-இல் 315, ரெய்டு 6-இல் 240. கொள்ளளவைப் பார்த்து ரெய்டு 5 போட்டுவிட்டு ‘கார்டு ஸ்லோ’ என்று திட்டுவது நியாயமில்லை. டெஸ்க்டாப் டிஸ்க்கும் வேண்டாம். கெட்ட செக்டாரைப் படிக்க அது நீண்ட நேரம் மல்லுக்கட்டும். பதில் வராத டிஸ்க்கைக் கார்டு செத்ததாக நினைத்து வரிசையிலிருந்து தள்ளிவிடும்.

எஸ்எஸ்டி வால்யூமுக்கு ரைட்-த்ரூ வைத்து, ரீட்-அஹெட்டை (அடுத்து வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே படித்து வைப்பதை) நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே வேகம். ரெய்டு வேலையைத் தானே செய்துகொள்ளும் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் போடுவதாக இருந்தால் இந்தக் கார்டே வேண்டாம், டிஸ்க்குகளை அப்படியே இணைத்துக் கொடுக்கும் 9300-8ஐ போன்ற எச்பிஏ கார்டு போதும்.

பொருத்தும்போது இரண்டு இடத்தில் கவனம். சாட்டா டிஸ்க்குகளை நேரடியாக மாட்ட எஸ்எஃப்எஃப்-8643 ஃபார்வர்டு பிரேக்அவுட் கேபிள் (கார்டின் ஒரு கனெக்டரை நான்கு டிஸ்க்குகளுக்குப் பிரிப்பது) வேண்டும். ரிவர்ஸ் கேபிளும் பார்க்க அச்சு அசலாக அப்படியே இருக்கும். மாட்டினால் ஒரு டிஸ்க்கும் தெரியாது. அடுத்தது ஸ்லாட். நீளம் எக்ஸ்8 ஆக இருந்தும் உள்ளே எக்ஸ்4 லேன் மட்டும் ஓடும் மதர்போர்டுகள் உண்டு, மேனுவலைப் பார்த்துவிடுங்கள். சர்வர் ஃபேன் காற்றை நம்பிச் செய்த ஹீட்சிங்க் இது. டவர் கேபினெட்டில் போட்டால் அதன்மேல் 40 மிமீ ஃபேன் ஒன்று கட்டாயம்.